கறுப்புக் கையுறை

ஜெசிந்தா மாடிப்படி ஏறி வரும் வேகத்திலேயே சஜிதா டீச்சருக்குத் தெரிந்துவிட்டது, மெஷின் மறுபடியும் ஏதோ சொல்லியிருக்கிறது என்று.

டீச்சர் என்றாலும் சஜிதாவுக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. தூத்துக்குடியில் ஒரு ஃபேன் கடைக்கு மேலே சின்ன அறை எடுத்து, செல்போனில் வீடியோ எடுக்கவும் அதை வெட்டி ஒட்டவும் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். ஜெசிந்தாவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஆனாலும் டீச்சர் எதிரில், உட்காரச் சொல்லாமல் உட்காரமாட்டாள்.

அன்றைக்குச் சொல்லாமலே உட்கார்ந்தாள். உடனே எழுந்தாள். போனைப் பார்த்தாள், இடுப்பில் செருகினாள், மறுபடியும் எடுத்தாள்.

அவளுடைய மீன்குழம்புச் சேனல் ஆரம்பத்தில் நன்றாகத்தான் ஓடியது. அவள் சமைப்பாள். ஐஸ் கம்பெனி வேலையிலிருந்து நின்றுவிட்ட கணவர் சேவியர் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பார். உப்பு பத்தாது என்பார். நீங்க போனை ஆட்டாம பிடிங்க என்பாள். அந்தச் சண்டையைக் கேட்கவே ஆட்கள் வந்தார்கள். சேனலை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

ஒருநாள் சேவியர் தன்னை மறந்து பழைய சினிமாப் பாட்டு ஒன்றை முணுமுணுத்துவிட்டார். அந்தப் பாட்டு ஒரு கம்பெனிக்குச் சொந்தம் என்று வீடியோ தளத்தின் மெஷின் கண்டுபிடித்து முதல் எச்சரிக்கை அனுப்பியது. பக்கத்து டீக்கடை ஸ்பீக்கரால் இரண்டாவது வந்தது. மூன்றாவது வந்தால் சேனலையே மூடிவிடுவார்கள்.

அன்றோடு ஜெசிந்தாவுக்குத் தூக்கம் போயிற்று. வாயைத் திறக்கக் கூடாது என்று கணவரிடம் கண்டிப்பாகச் சொன்னாள்.

"இனிமே தும்மினாலும் உன்கிட்ட கேட்டுட்டுத்தான் தும்மணும்" என்றார் அவர். அதற்குப் பிறகு சமையலறையில் நிஜமாகவே பேச்சை நிறுத்திவிட்டார்.

டீக்கடைச் சத்தம் வராமல் ஜன்னலைச் சாத்தினாள். குக்கர் விசிலை வெட்டி எடுத்தாள். சுவரிலிருந்த நகைக்கடைக் காலண்டரைக் கழற்றினாள், படம் எங்களுடையது என்று யாராவது வந்து நின்றுவிட்டால் என்ன செய்வது? தன் பேச்சையும் எடுத்துவிட்டு எழுத்தாகப் போட்டாள். மண்சட்டியைப் பரணில் ஏற்றிவிட்டு, எல்லோரும் வைத்திருக்கிற கறுப்பு வாணலியை வாங்கினாள். அந்த வாணலி வைத்திருக்கிற யாருக்கும் எச்சரிக்கை வந்ததாக அவள் கேள்விப்பட்டதில்லை. பின்னணிக்கு, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று தளமே இலவசமாகக் கொடுக்கிற இசை.

கடைசியில் அவள் கையிலிருந்த பச்சையே அவள் கண்ணை உறுத்தியது. வேளாங்கண்ணித் திருவிழாவில் குத்திக்கொண்ட மாதா படம். வரைந்தவன் வந்து கேட்டால்? முழங்கை வரைக்கும் கறுப்புக் கையுறை வாங்கி மாட்டிக்கொண்டாள்.

டீச்சர் அப்போதே கேட்டாள், கையுறை எதற்கு என்று. பாதுகாப்புக்கு என்றாள் ஜெசிந்தா.

இப்போது வஞ்சிர மீன் குழம்பு வீடியோவுக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. கோயம்புத்தூரில் இருக்கிற ஒரு பெண்ணின் வீடியோவும் இதுவும் ஒன்று, ஜெசிந்தாவுடையது நகல் என்கிறது மெஷின். வாரக் கடைசிக்குள் தக்க பதில் போடாவிட்டால் அதுதான் மூன்றாவது எச்சரிக்கை.

எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினாள். அந்தப் பெண்ணை முன்னே பின்னே பார்த்ததில்லை என்றாள். அவள் வீடியோவை ஆத்திரத்தில் திறக்கவே இல்லை என்றாள். பிறகு குரல் இறங்கியது.

"நான் வச்ச குழம்பு டீச்சர். எது என் குழம்பு, எது அடுத்தவ குழம்புன்னு தெரியாத குருட்டு மெஷின்கிட்ட நான் எப்படிப் பிழைக்கிறது?"

சஜிதா கம்ப்யூட்டரைப் போட்டு இரண்டு வீடியோக்களையும் தேடி எடுத்தாள். கோயம்புத்தூர்க்காரியின் வீடியோவை முதலில் தனியாக முழுதும் பார்த்தாள். அந்தப் பெண்ணும் தன் அடுப்பில்தான் சமைத்திருந்தாள். திருட்டு ஒன்றும் இல்லை.

ஜெசிந்தாவை அந்தப் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னாள். இரண்டையும் அருகருகே வைத்து, பேரும் எழுத்தும் தெரியாதபடி திரையில் காகிதத்தை ஒட்டினாள். நடுவிலிருந்து ஓடவிட்டாள்.

"இப்ப திரும்புங்க அக்கா. இதுல உங்க குழம்பு எது?"

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. "பெத்த பிள்ளையைக் காட்டச் சொல்றீங்களே" என்று குனிந்தாள்.

இரண்டு கறுப்பு வாணலி. இரண்டிலும் சிவப்பாகக் குழம்பு கொதித்தது. மேலேயிருந்து கறுப்புக் கைகள் வந்து மீன் துண்டுகளை ஒவ்வொன்றாக இறக்கின. ஒரே இசை.

கண்ணாடியை எடுத்து மாட்டினாள். இன்னொரு தரம் போடுங்க டீச்சர் என்றாள். போட்டாள். மூன்றாவது தரமும் போட்டாள். மீன் துண்டின் கனத்தைப் பார்த்தாள், கரண்டி சுற்றுகிற பக்கத்தைப் பார்த்தாள்.

"இது" என்று இடது பக்கத்தைத் தொட்டாள். "இதுதான். என் கை எனக்குத் தெரியாதா?"

சஜிதா இடது பக்கக் காகிதத்தை உரித்தாள். கோயம்புத்தூர்ப் பெண்ணின் பேர் இருந்தது.

வீடியோ தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஜெசிந்தா திரையையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் அவளுக்குக் கோபம் வந்தது.

"இது என்ன நியாயம் டீச்சர்? முகமும் இல்ல, குரலும் இல்ல. கையிலயும் உறையை மாட்டிக்கிட்டா யாருன்னு எப்படித் தெரியும்?"

"மெஷினும் அதைத்தான் கேக்குது, அக்கா" என்றாள் சஜிதா.