நிறுத்திய டிரம்

இரேன் சின்னாயா இருபது வயதிலேயே பாரிஸ் கிளப்புகளைத் தன் மின்னிசையால் ஆட்டிவைத்தவர். புகழின் உச்சியில் ஒருநாள் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு மார்செய் நகரத்துக்கு வந்து, ஒரு கம்ப்யூட்டரும் இரண்டு ஸ்பீக்கரும் போதும் என்று உட்கார்ந்துவிட்டார். அவருடைய பாட்டைக் கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிடலாம். டிரம் அடி விழும்போதெல்லாம் மற்ற ஒலிகள் ஒரு கணம் தணிந்து குனியும், பிறகு நிமிரும். பாட்டே மூச்சு விடுவதுபோல் இருக்கும்.

அவருடைய சீடர் லெயோன், குருவைவிடப் பதினைந்து வயது பெரியவர். இரண்டு பேருமே புதுச்சேரியிலிருந்து போன குடும்பம். அதனால் அவர் குருவை மதாம் என்பார். குரு அவரை அண்ணா என்பார்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் லெயோனும் கில்பேர் என்ற நண்பனும் சேர்ந்து ஓர் ஆல்பம் செய்தார்கள். கில்பேர் அதைத் தன் பெயரில் மட்டும் வெளியிட்டு, புகழை மொத்தமாக விழுங்கி ஏப்பம் விட்டுவிட்டான். அட்டையின் மூலையில்கூட லெயோன் பெயர் இல்லை. அயோக்கியத்தனம்தான், வேறென்ன சொல்ல?

இப்போது லெயோனின் சொந்த ஆல்பம் தயார். எட்டுப் பாட்டு. மாலை ஐந்து மணிக்குள் ஆல்பம் வெளியிடும் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். தவறினால் அவ்வளவுதான், வாய்ப்பு வேறொருவருக்குப் போய்விடும்.

அன்று நாலு மணி வாக்கில் அவர் கதவை அறைந்து சாத்திக்கொண்டு இரேனின் அறைக்குள் வந்தார்.

"ரேடியோவுல கில்பேர் பேசினதைக் கேட்டீங்களா மதாம்? முழுக்க நான் தனியா செஞ்சதுன்னு சொல்றான்! வெட்கங்கெட்டவன்!"

"கேட்டேன்."

"எட்டுப் பாட்டையும் தூக்கிக் குப்பையில போடப்போறேன். அவன் குரலை வெட்டி ஒட்டி ஒரே ஒரு பாட்டு. ஊரே அவனைப் பார்த்துச் சிரிக்கணும்!"

இரேனுக்கும் சுருக்கென்று கோபம் வந்தது. "மூணு வருஷம் என் உயிரை வாங்கிச் செஞ்ச பாட்டு அண்ணா அது!"

"எனக்கு அவன் மூக்கு உடையணும். பாட்டு கிடக்கு."

இரேன் எட்டாவது பாட்டைப் போட்டார். டிரம் இடித்தது. லெயோனின் மெட்டு குனிந்து குனிந்து நிமிர்ந்தது. பாதியில் டிரம்மின் ஒலியை மட்டும் அடியோடு நிறுத்தினார்.

மெட்டு தனியாக ஓடியது. அப்போதும் அதே இடங்களில் குனிந்தது.

லெயோனுக்குக் கடுப்பு ஏறியது. "இதென்ன கூத்து? டிரம்தான் இல்லையே! அப்புறம் எதுக்கு இன்னும் குனியுது?"

"சத்தத்தைத்தான் நிறுத்தினேன். டிரம் அடி விழுந்தா மெட்டு குனியணும்னு கம்ப்யூட்டர்ல நீங்க போட்ட கட்டு அப்படியே இருக்கு."

"கேட்கவே சகிக்கலை. எவனும் அடிக்காமலே அடி வாங்குற மாதிரி!"

இரேன் நாற்காலியைத் திருப்பி அவரை நேராகப் பார்த்தார்.

"கில்பேர் இந்த ரூமுக்குள்ள என்னைக்காவது கால் வச்சிருக்கானா அண்ணா?"

லெயோன் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு, கம்பெனிக்கு அனுப்ப எட்டுப் பாட்டையும் எடுத்து வைத்தார். ஐந்து மணிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.