வரியன் சொன்ன பொய்

அந்தக் காலத்தில், மன்னார்க் கடலில் மீனும் பேசும், பாறைமேல் பூத்த பூவும் பேசும். அங்கே ஒரு கடல் சாமந்தி இருந்தது. பார்க்கத்தான் பூ, தொட்டால் ஆயிரம் விரலாலும் கொட்டித் தின்றுவிடும். அதற்குள் இரண்டு கோமாளி மீன்கள் குடியிருந்தன: செம்பி, அவள் புருஷன் வரியன். "வாசலை நான் காக்கிறேன், என் வீட்டாரைக் கொட்டாதே" என்று சாமந்தியிடம் வாக்கு வாங்கியிருந்தவள் செம்பிதான். வரியன் அவளில் பாதிதான் இருப்பான். அவள் சண்டைக்கு நிற்பாள். அவன் சாமந்தியின் அடிப்பாறையில் ஒட்டியிருந்த முட்டைகளுக்குச் செட்டையால் விசிறிக்கொண்டிருப்பான்.

ஒரு நாள் உச்சிவேளையில் பெரிய களவா மீன் ஒன்று வந்தது.

"நீங்க முட்டைய விட்டு நகராதீங்க. விரட்டிட்டு வந்துடறேன்" என்று செம்பி பாய்ந்தாள்.

களவா வாயைத் திறந்தது. மூடியது. அவ்வளவுதான். அவள் இருந்த இடத்தில் கலங்கிய தண்ணீர் மட்டும் இருந்தது. களவா திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டது.

வரியன் அந்த இடத்தையே பார்த்தான். செட்டை மட்டும் தன்போக்கில் விசிறிக்கொண்டேயிருந்தது.

சாமந்தியின் விரல்கள் ஒவ்வொன்றாக விறைத்தன. "வீட்டுக்காரி எங்கேப்பா?"

வரியன் முட்டைகளை மறைத்து நின்றான்.

"அவளுக்குத்தான் வாக்குக் கொடுத்தேன். அவ இல்லேன்னா நீயும் எனக்கு இரை, உன் முட்டையும் இரை."

முட்டைகளுக்குள் கண் வந்துவிட்டிருந்தது. நூறு கரும்புள்ளிகள் அவனையே பார்த்தன. என்ன சொல்கிறோம் என்று தெரியாமலே சொன்னான்:

"நான்தான் வீட்டுக்காரி."

"நீயா? ஆம்பிளை நீ!"

"நான்தான். இனி வாசல் எனக்கு."

சொன்ன சொல் உடம்பில் ஏறிவிடும் காலம் அது. அவன் அடிவயிற்றில் ஏதோ புரண்டது. உடம்பு பருத்தது, வெள்ளைப் பட்டைகள் அகன்றன. "ஐயோ, எனக்கு என்னமோ ஆகுதே!" என்று அலறினான். அலறியது பெண் குரல்.

சாமந்தி விரல்களை மடக்கிக்கொண்டது. "உள்ளே வா, தாயி."

மறுநாள் குஞ்சுகள் பொரிந்து, "ஆத்தா" என்று கூப்பிட்டன. அப்பன் எங்கே என்று ஒன்றுகூடக் கேட்கவில்லை.

அன்று முதல்தான், கோமாளி மீன் குடும்பத்தில் தாய் செத்தால் தகப்பனே தாயாகிறது. அப்படி ஆனது மறுபடி ஒருநாளும் ஆணாவதில்லை.