கம்பம் ஏறினால் ஆம்

மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்த பூலுடையார், தென்காசிப் பக்கம் ஒரு கம்பத்திலிருந்து விழுந்து ஏழு மாதம் ஆயிற்று. கண் திறக்கும், மூடும், கூப்பிட்டால் திரும்பாது. உள்ளே நினைவு இருக்கிறதா என்று அறிய, டாக்டர் ரெஜினா அவரை எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் வைத்துப் பார்த்தார். கைகால் அசைப்பதாக ஒருவர் நினைத்தாலே மூளையில் ஓரிடம் விழித்துக்கொள்வது திரையில் தெரியும். தன் வீட்டுக்குள் நடப்பதாக நினைத்தால் வேறோர் இடம். முன்னது 'ஆம்', பின்னது 'இல்லை' என்று அவர் காதில் சொல்லிவைப்பார்கள்.

"அவர் உடம்புக்கு நல்லாப் பழகின வேலை எது?" என்று கேட்டார் டாக்டர்.

"கம்பம் ஏறுறதுதான்," என்றாள் மனைவி செண்பகவல்லி, யோசிக்காமல்.

பூலுடையாரின் அண்ணன் சுடலைமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். "விழுந்தவனை மறுபடி ஏறச் சொல்லுதியே தாயி."

அன்றைக்கு இரண்டு கேள்விகளுக்குத்தான் நேரம் இருந்தது. வலிக்கிறதா என்று டாக்டர் ஐந்து முறை கேட்டார். ஐந்து முறையும் அவர் மனத்துக்குள் கம்பம் ஏறினார். அடுத்ததைச் செண்பகவல்லிக்கு விட்டார்கள். எதையும் கேட்டிருக்கலாம், அவள், "நான் வந்திருக்கது தெரியுதா?" என்றாள். அதற்கும் ஏறினார்.

மாலையே வலிக்கு வீரியமான மருந்து தொடங்கியது. முகத்தில் அடிக்கடி வந்துபோன சுளிப்பு நின்றது. அதன்பின் எடுத்த மூன்று படங்களிலும் எதுவும் தெரியவில்லை. மருந்தின் மயக்கமா, மூளையே சரிந்துவிட்டதா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. இனித் தேறமாட்டார் என்பதை மட்டும் சொன்னார்.

"ரெண்டு நாள் மருந்தை நிறுத்துங்க. இப்படியே கிடக்கணுமான்னு அவன்கிட்டயே கேட்டுருவோம்," என்றார் சுடலைமுத்து. "அவன் உயிருக்கு நீயும் நானுமா நாட்டாமை?"

"வலிக்குன்னு சொன்னவரை வலிக்க வச்சுக் கேக்கணுமோ அத்தான்?"

"அன்னைக்கே கேட்டிருக்கலாம். நீ உன்னைப் பத்திக் கேட்ட."

நிறுத்தினாலும் பதில் வருமென்று உறுதியில்லை, குடும்பம் ஒப்பினால் ஒருமுறை பார்க்கலாம் என்றார் டாக்டர். செண்பகவல்லி ஒப்பவில்லை.

கேட்டே ஆகவேண்டும் என்ற அண்ணன், கேட்கவிடாத மனைவி: இவர்களில் யார் செய்தது சரி?

விடை: சுடலைமுத்து கேட்கச் சொன்னது நியாயமான கேள்வி. ஆனால் அதைக் கேட்பதற்கான வேதனை முழுவதும் பூலுடையாருக்கு. அதற்குச் சம்மதமா என்று முன்கூட்டி அவரைக் கேட்க வழியில்லை. அவர் தம் உடம்பைப் பற்றி உறுதியாகச் சொன்னது, வலிக்கிறது என்பது ஒன்றே. அதைக் காதில் வாங்கியவள் செண்பகவல்லி. ஆகவே அவள் செய்ததே சரி. நாள்தோறும் நர்ஸ் மருந்தை ஏற்றும்போது, தான் வந்திருப்பது அவருக்குத் தெரிகிறதா என்பதை இனி அறியவே முடியாது என்று உணர்ந்தே அவள் பக்கத்தில் நிற்கிறாள்.