வாத்து டியூப்போட நாக்கு

ஒரு ஊர்ல ஒரு கிணத்துக்குள்ள ஒரு சினையாடு விழுந்து தத்தளிச்சுட்டு இருந்துச்சு. எப்படி விழுந்துச்சுன்னு கேக்காத. விழுந்துடுச்சு, அவ்ளோதான். 'ம்மே'ன்னு ஒரு கத்து, 'களக்'னு ஒரு முங்கு, மறுபடி 'ம்மே'. ம் கொட்டு, முழிச்சுதானே இருக்க?

ஆட்டுக்காரன் பேரு இருளப்பன். அவன்கிட்ட இருக்கிறதே அந்த ஒரு ஆடுதான், நாலு நாள்ல குட்டி போடணும். அவன் மச்சினன் தங்கச்சாமி குதிச்சு, ஒரு கையில கொம்பையும் ஒரு கையில செவுத்துக் கல்லையும் பிடிச்சுட்டான். ஆனா தூக்க முடியல. இருளப்பன் கடைசிப் படிக்கு இறங்கி, முழங்கால் தண்ணியில நிக்கிறான்.

அப்போ மேல இருந்து அவன் பொண்டாட்டி பேச்சி, மக நீச்சல் பழகுற வாத்து டியூபை வீசிட்டுக் கயிறு எடுக்க ஓடினா. டியூப்ல காத்து இல்ல. விழுந்த வேகத்துல ஊதுற வாயோட மூடி பிச்சுக்கிட்டுத் தண்ணியில முங்கிப்போச்சு.

இருளப்பன் வாயை வெச்சு 'ஊஊ'ன்னு ஊதினான். கன்னம்தான் உப்புச்சு, வாத்து உப்பல.

அப்புறம் தங்கச்சாமி, உள்ள ஏதோ அடைச்சிருக்கு, குச்சியை விடுன்னான். இருளப்பன் செவுத்துல முளைச்ச செடியில ஒரு குச்சியை ஒடிச்சுச் சொருகினான். இப்போ காத்து சரசரன்னு போச்சு. ஆனா மூச்சு வாங்க வாயை எடுத்தா 'புஸ்ஸ்', போனதெல்லாம் அவன் மூஞ்சியிலேயே அடிக்குது. ம்?

என்னடா இதுன்னு டியூப் வாய்க்குள்ள எட்டிப் பார்த்தான். உள்ள சின்னதா ஒரு பிளாஸ்டிக் நாக்கு. குச்சி அதை மூடவிடாம நிமித்தி வெச்சிருக்கு. அட, மோட்டார் பைப்புக்கு அடியில, ஏறின தண்ணியைத் திரும்ப விடாம பிடிக்கிற ஃபுட்வால்வு மாதிரில்ல இருக்கு! அதுல சருகு சிக்கினா ஏத்தின தண்ணியெல்லாம் கீழ இறங்கிடும். அப்போ இது அடைப்பு இல்ல, கதவு.

மூணாவது தடவை குச்சியைப் பிடுங்கிட்டு, ஊதுற வாயோட அடிக்கழுத்தை விரலால நசுக்கிட்டு ஊதினான். நசுக்கினா நாக்கு விலகும், காத்து போகும். விட்டா, உள்ள போன காத்தே நாக்கைத் தள்ளி வாயை அடைச்சுக்கும். வாத்து 'டம்'முனு நிமிர்ந்துச்சு. தங்கச்சாமி அதை ஆட்டுத் தலை வழியா மாட்டி, முன்னங்கால் ரெண்டையும் இழுத்துவிட்டான். ஆடு மிதந்துச்சு. ஆட்டுத்தலை ஒண்ணு, வாத்துத்தலை ஒண்ணு.

அப்போ பேச்சி கயித்தை இறக்கினா. மூடி இல்லைன்னு பார்த்ததும் அவளுக்குப் பதறிப்போச்சு.

"இந்தாங்க, கட்டைவிரலால அந்த ஓட்டையைப் பொத்துங்க. ஆட்டு கனத்துக்குக் காத்து பீச்சிடும். என்ன ஆனாலும் எடுத்துடாதீங்க."

இருளப்பன் பொத்தினான். ஆனா வயித்தைச் சுத்தி முடிச்சுப் போட ரெண்டு கை வேணுமே. தங்கச்சாமிக்குத் தண்ணியில விறைச்சு விரலே மடங்கல.

"மச்சான், சீக்கிரம். என்னால முடியல."

இருளப்பன் யோசிச்சான். ஆடு அமுக்க அமுக்க, உள்ள இருக்கிற காத்து நாக்கை இன்னும் இறுக்கமாத்தானே தள்ளும்?

அப்புறம் என்ன, முடிச்சு விழுந்துச்சு, 'ஏலேய் இழு'ன்னு ஊரே இழுத்துச்சு, வாத்தோட சேர்ந்து ஆடு மேல வந்துச்சு. விரலை எடுக்காதீங்கன்னு பேச்சி அத்தனை தடவை கத்தினா. முடிச்சுப் போட எடுத்துட்டான், ஒரு 'புஸ்' கூட வரல.

ஆடு ஏறிடுச்சு, கதை தீந்துடுச்சு, கண்ணை மூடு.