பொதிக்கல் யாருக்கு?

ஒரு கல்லுக்குப் போய் மூன்று பேர் மல்லுக்கட்டுவார்களா என்று கேட்காதீர்கள். சென்னையில் முக்கால் அடிச் சந்துக்கே அண்ணனும் தம்பியும் கோர்ட்டுப் படி ஏறுகிறார்கள். இதுவோ ஆள் நீளக் கல்.

மண்ணடியில் ரஹ்மத்துன்னிசாவின் வாப்பா வாங்கிப்போட்ட பழைய கட்டடம் ஒன்று இருந்தது. மாடி ஒழுகியது, சுவர் பிளந்தது. இடித்துவிட்டுக் கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை என்று ரஹ்மத்துன்னிசா முடிவு செய்தார். கீழே டீக்கடை வைத்திருந்த ஏகாம்பரம் முணுமுணுக்காமல் எதிர்ச்சாரியில் வேறு இடம் பார்த்துக்கொண்டார். பாய்லரும் பெஞ்சும் போன பிறகு மிஞ்சியது கடை முகப்பில் இரண்டு தூண்களின் மேல் நெஞ்சு உயரத்துக்குக் கிடந்த கல்மேடைதான். கடை வருவதற்கு முன்பிருந்தே அது அங்கே கிடந்தது. கொத்தவால்சாவடிப் பக்கமிருந்து மூட்டை சுமந்து வருகிறவர்கள் அதில் மூட்டையைச் சாய்த்துவிட்டு டீ குடிப்பார்கள். டீயும் குடிக்காமல் சும்மா இளைப்பாறிவிட்டு நடையைக் கட்டுகிறவர்களும் உண்டு. ஏகாம்பரம் அவர்களை வாய் ஓயத் திட்டுவார், துரத்தியது மட்டும் கிடையாது.

அந்தக் கல்லைப் புரட்டியபோது அடிப்பக்கத்தில் எழுத்து தெரிந்தது. எதிர்ச்சாரியிலிருந்து ஓடிவந்த ஏகாம்பரம் அழுக்கைச் சுரண்டிவிட்டு எழுத்துக் கூட்டினார்.

“பொதி... இருக்கி... அம்மா, பொதி இருக்குதாம்மா!”

பொதி என்றால் புதைத்து வைத்த பொன்தான் என்று தெருவே தீர்ப்பு எழுதிவிட்டது. இடிக்க வந்தவர்கள் சம்மட்டியைப் போட்டுவிட்டு இடுப்பளவு பள்ளம் தோண்டினார்கள். சோடா மூடிகள் கிடைத்தன.

ரஹ்மத்துன்னிசாவுக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்துக் கல்லூரியில் வரலாறு நடத்தும் எழிலரசியை வரவழைத்தார். அவர் ஈரத் தாளைக் கல்லில் ஒற்றி, மை தட்டி, எழுத்தை அப்படியே படியெடுத்தார். படித்துப் பார்த்துச் சிரித்தார்.

“பொதி இருக்கி இல்லைங்க, பொதி இறக்கி. றகரம் தேய்ஞ்சிருக்கு, நீங்க அதை ‘ரு’ன்னு படிச்சிட்டீங்க.”

பிறகு முழுவதையும் விளக்கினார். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன வள்ளியம்மைக்காக அவள் புருஷன் ஆறுமுகச் செட்டி தெருவில் வைத்த சுமைதாங்கி அது. வழியே போகிறவர்கள் பொதி இறக்கி இளைப்பாறட்டும், அவர்கள் இறக்கும் பொதியெல்லாம் அவள் பாரம் இறங்கினதாகட்டும் என்று வெட்டியிருந்தது.

ரஹ்மத்துன்னிசா மூன்று பிள்ளை பெற்றவர். வள்ளியம்மை என்ற எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். ஆனால் உட்கார்ந்து அழ நேரமில்லை. மறுநாள் மதியம் இடிபாடு அள்ள லாரி வருகிறது, அதற்குள் கல்லுக்கு ஒரு வழி சொல்லியாக வேண்டும்.

காலையில் முதலில் வந்தவர் அடுத்த தெருவில் பித்தளைக் கடை வைத்திருக்கும் காளத்தி செட்டியார்.

“ஆறுமுகச் செட்டி எங்க பாட்டனாருக்குப் பாட்டனார்மா. அந்த அம்மா அவரோட மொத சம்சாரம். ஆடி அமாவாசைக்கு இன்னிக்கும் அவங்க பேரைச் சொல்லி எள்ளும் தண்ணியும் எறைக்கிறேன். கல்லக் குடுங்க, வீட்டுல வெச்சு விளக்கேத்தறேன்.”

அவர் பேசி முடிப்பதற்குள் எழிலரசி வந்துவிட்டார்.

“வீட்டுக்குள்ள வெச்சா யாரு பார்ப்பா? தெருவுல விட்டா வெயில்லயும் மழையிலயும் எழுத்து உதிர்ந்துடும். அப்புறம் வள்ளியம்மைன்னு ஒருத்தி இருந்ததே தெரியாமப் போயிடும். எங்க காலேஜ் அருங்காட்சியகத்துக்குக் குடுங்க மேடம்.”

ஏகாம்பரம் கடைசியாக வந்தார். முந்தின நாள் கதை கேட்டதுமே மிரண்டு போய்க் கல்லை எட்ட நின்றே பார்த்தவர் அவர். அவர் மகள் ஏழு மாதக் கர்ப்பிணி, தலைச்சன் பிள்ளை. வாயும் வயிறுமாகச் செத்தவள் கல்லைக் கடையில் வைப்பதா என்று வீட்டுக்காரி வேறு சாமியாடியிருந்தாள்.

“எம்பொண்ணுதாம்மா அனுப்பிச்சுது. ‘சொமக்கறவளுக்குத்தான் நைனா அது தெரியும், லாரியில ஏத்த உட்டுடாத’ன்னுது. எங்கடைக்கே குடுத்துடுங்க, முன்ன மாதிரி மேடையா போட்டுக்கறேன்.”

பத்திரப்படி கல் ரஹ்மத்துன்னிசாவுடையது. யாருக்கும் இல்லை என்று சொன்னாலும் கேட்பாரில்லை. ஆனால் அவர் சும்மாவே பிறத்தியார் பொருளைத் தொடாதவர். செட்டியார் சொல்வது ஞாயம், டீச்சரம்மா சொல்வதும் ஞாயம், ஏகாம்பரத்தின் மகள் சொன்னதைத் தள்ள மனசே வரவில்லை. தெருமுனையில் லாரி ஹாரன் அடித்தது.

இப்போது நீங்கள் சொல்லுங்கள்: அந்தக் கல் யாருக்குச் சேர வேண்டும்?

விடை: மூவருக்கும் இல்லை. ஆறுமுகச் செட்டி தெருவுக்குக் கொடுத்துவிட்டதை அவர் வம்சம் திருப்பிக் கேட்க முடியாது. எழுத்து பத்திரமாகத் தாளில் ஏறிவிட்டது, இன்னும் நூறு படிகூட எடுக்கலாம். இறக்கி வைத்த தோளின் சுகத்தைப் படியெடுக்க வழியில்லை. ஏகாம்பரம் பாவம், கிட்டத்தட்ட வந்துவிட்டார், ஆனால் அவரும் “எங்கடைக்கே” என்றுதான் கேட்டார். ரஹ்மத்துன்னிசா லாரியைத் திருப்பி அனுப்பினார். தம் புதுக் கட்டடத்தின் சுவரை இரண்டடி உள்ளே தள்ளிப் போடச் சொல்லி, கல்லை அதே இடத்தில், எழுத்து வெயில் படாமல் கீழே பார்த்தபடி, தூண்களின் மேல் ஏற்றினார். மூட்டை சுமக்கிறவர்களில் ஒருவர்கூட வந்து கேட்கவில்லை. ஆனாலும் கல் அவர்களுடையதுதான், ஏனென்றால் யார் என்றே தெரியாமல் வள்ளியம்மையின் பாரத்தை இத்தனை காலமும் இறக்கி வைத்தவர்கள் அவர்கள்தான்.