ராசிக்காரன்

ஹெப்சிபா மேடத்தின் ஆய்வகத்தில் எல்லாவற்றையும் கழுவுவார்கள், ஒன்றைத் தவிர.

அது ஒரு காந்தக் குச்சி. சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். குடுவைக்குள் போட்டால் தானாகச் சுழன்று ரசாயனத்தைக் கலக்கிக்கொண்டே இருக்கும். வாங்கும்போது வெள்ளை, இப்போது சாம்பல் நிறம்.

மேடத்துக்கென்று ஒரு மேசை கிடைத்த நாளிலிருந்து அது அவரிடம் இருக்கிறது. அதற்கு முன்னால், "பொம்பளைப் பிள்ளைதானே" என்று அவரைக் கண்ணாடி கழுவத்தான் விட்டிருந்தார்கள். பாளையங்கோட்டையிலிருந்து வந்த பெண் அழுகையை அடக்கிக்கொண்டு கழுவினார். அந்தக் கைதான் பின்னாளில், பலேடியம் என்ற விலை உயர்ந்த உலோகம் இல்லாமலே இரண்டு மூலக்கூறுகளை இணைத்துக் காட்டியது. அதுவரை அது முடியாது என்று சொன்னவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

அந்த வினையைச் செய்யும்போது மாணவர்கள் அந்தப் பழைய குச்சியைத்தான் போடுவார்கள். 'ராசிக்காரன்' என்று அதற்குப் பெயர். ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் எல்லாம் உண்டு. அமிலத்தில் மட்டும் போடமாட்டார்கள். ராசி போய்விடுமாம். படித்த பிள்ளைகள்தான், என்னத்தைச் சொல்ல! மேடமும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்.

வெளியூர் ஆய்வகங்களில் அந்த வினை நடக்கவில்லை. போன் செய்து கேட்பவர்களுக்கு அவர் சொல்லும் பதில் ஒன்றுதான்.

"கண்ணாடியை நல்லாக் கழுவுங்க."

டெல்லியில் அவருக்குப் பெரிய விருது அறிவித்தார்கள். துறை வாசலில் பேனர் கட்டிக்கொண்டிருந்த காலையில், மாணவி தமயந்தி அவர் அறைக்குள் வந்தாள். பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவள். பிள்ளை விழுப்புரத்தில் மாமியாரிடம் வளர்கிறான். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டியதுதான் பாக்கி.

"மேடம், ராசிக்காரன் இல்லாம வினை நடக்கலை."

"என்ன சொல்ற?"

"புதுக் குச்சி போட்டேன், நடக்கலை. ராசிக்காரனைப் போட்டா நடக்குது. மாத்தி மாத்திப் பார்த்துட்டேன் மேடம். எனக்குப் பயமா இருக்கு."

மேடம் குச்சியை வாங்கி சன்னலோரம் கொண்டுபோனார். அதன் பிளாஸ்டிக் உறை முழுக்கக் கீறல். கீறலுக்குள் கருப்பாக ஏதோ அப்பியிருந்தது.

"ஆரம்பத்துல இதை வெச்சு நான் செஞ்சதெல்லாம் பலேடியம் வேலை" என்றார் மெதுவாக. "அது இன்னும் இதுக்குள்ளதான் உக்காந்திருக்கு போல. இத்தனை நாளா வினையை நடத்தினது அதுதான்."

தமயந்திக்குக் கண் கலங்கிவிட்டது.

"யாருக்கும் தெரியாது மேடம். ராசிக்காரனை வெச்சே முடிச்சுடட்டுமா? என் பையன் தினமும் 'எப்பம்மா வருவே'ன்னு கேக்கிறான். நீங்களும் நாளைக்கு டெல்லி போகணும். நான் என்ன செய்யணும்னு நீங்களே சொல்லுங்க."

மேடம் சன்னலை விட்டு வந்தார். கையுறையை மாட்டிக்கொண்டார். தங்கத்தையே கரைக்கும் இராஜ திராவகத்தைக் கலந்தார். ராசிக்காரனை அதற்குள் போட்டார்.

"ஐயோ மேடம்!"

அமிலம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழுப்பேறியது. குச்சி வெளுத்தது. அதைக் கழுவித் துடைத்து, அவரே குடுவையில் போட்டு வினையைத் தொடங்கினார். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு யாரும் எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் அதிலிருந்து ஒரு துளியைத் தகட்டில் ஏற்றி, புற ஊதா விளக்கின் கீழே பிடித்தார். வினை நடந்திருந்தால் மேலே புதிதாக ஒரு புள்ளி தெரிய வேண்டும். அடியில் பழைய புள்ளி மட்டும் இருந்தது.

மேடம் விளக்கை அணைத்தார்.

"பூங்கோதைன்னு ஒருத்தி இருந்தா, உனக்குத் தெரியாது. உன் மேசையிலதான் வேலை செஞ்சா. ராசியாவது மண்ணாவதுன்னு சிரிப்பா. புதுக் குச்சிதான் போடுவா. அவளுக்கு ஒருதரம்கூட வினை நடக்கலை. உனக்குக் கெமிஸ்ட்ரிக்கான கையே இல்லை, வீட்டுக்குப் போன்னு எல்லார் முன்னாடியும் சொன்னேன்."

தமயந்திக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

பிறகு மேடம் டெல்லிக்குப் போன் போட்டார். "விருது வேண்டாங்க. வேலையில தப்பு இருக்கு. கட்டுரை போட்ட பத்திரிகைக்கும் நானே சொல்லிடுறேன்" என்றார். அந்தப் பக்கம் என்னென்னவோ சொன்னார்கள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு வைத்தார்.

"என் ஆய்வேடு, மேடம்?"

"இன்னிக்குப் பார்த்ததை எழுது. இன்னும் நாளாகும். பையனை இங்கேயே கூட்டிட்டு வா. நான் இருக்கேன்."

மறுநாள் விமான நிலையத்துக்குப் போகவேண்டிய கார் கூடுவாஞ்சேரிக்குப் போனது. தமயந்தியும் கூடப் போனாள். பூங்கோதை வீட்டு வாசலில் டியூஷன் போர்டு தொங்கியது. கணக்கு, இயற்பியல், ஆங்கிலம் என்று எழுதியிருந்தது. தமயந்தி இரண்டாம் முறையும் படித்துப் பார்த்தாள். வேதியியல் இல்லை.

பூங்கோதைதான் கதவைத் திறந்தாள்.

"வாங்க மேடம்."

மேடம் உட்காரவில்லை. கைப்பையிலிருந்து வெள்ளைக் குச்சியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். பூங்கோதை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்தக் கீறல்களை அவளுக்கு அடையாளம் தெரிந்தது.

"ராசிக்காரனா? கழுவிட்டீங்களா?"

"கழுவிட்டேன்."

"வினை?"

"நடக்கலை."

உள்ளே பிள்ளைகள் ஏதோ வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். பூங்கோதை குச்சியை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"அன்னிக்கே இதை ஒருதரம் கழுவிப் பார்த்திருக்கலாமே மேடம்?"

மேடம் அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இதைக் கழுவுறதைவிட உன்னை அனுப்புறது சுலபமா இருந்ததும்மா."