கரிச்சான் காட்டிய இருவாச்சி

மேகம் தரையில் இறங்கி நடக்கும் ஒரு மலைக்காட்டில் கரிச்சான் ஒன்று இருந்தது. உடல் முழுக்கக் கறுப்பு. வாலிலிருந்து இரண்டு கம்பிகள் நீண்டு தொங்கும். கம்பி முனையில் துடுப்புப் போலச் சின்ன இறகு. அதனால் காடே அதைத் துடுப்பன் என்று கூப்பிட்டது.

துடுப்பனின் தொழில் வழிகாட்டுவது. சமவெளிப் பறவைகளை மலைக்குக் கூட்டிப்போய் மலைப் பறவைகளைக் காட்டும். வயலில் நிற்கும் கொக்குக்கும் மரகதப்புறாவைப் பார்க்க ஆசை இருக்கத்தானே செய்யும்! விடிந்ததும் அடிவாரத்து மூங்கில் புதரில் கூட்டம் சேர்ந்துவிடும்.

இதற்குத் துடுப்பன் கூலி கேட்பதில்லை. கேட்கத் தேவையுமில்லை. சமவெளிப் பறவைகளுக்குக் காட்டில் நடமாடத் தெரியாது. கிளையில் மோதும், சருகைக் கிளறும், செடியை மிதிக்கும். அவை போகிற வழியெல்லாம் பூச்சிகள் பதறிப் பறக்கும். துடுப்பன் பின்னாலேயே பறந்து அவற்றைக் காற்றிலேயே கவ்வித் தின்னும். கூட்டம் பெரிதானால் சாப்பாடும் பெரிது.

அதனிடம் இன்னொரு வித்தையும் இருந்தது. தொண்டையிலிருந்து வருகிற எந்தக் குரலையும் அச்சு அசலாக எடுத்துவிடும். குக்குறுவான் தென்படாத நாளில் இலை மறைவில் போய்க் குக்குறுவானாகக் கூவும். திரும்பி வந்து, "கேட்டீங்களா? அதோ, அந்தப் பக்கம்!" என்று சொல்லும்.

"கேட்டாச்சு! பார்த்த மாதிரிதான்!" என்று விருந்தாளிகள் மகிழ்ந்துபோகும்.

இதில் யாருக்கும் நஷ்டமில்லை என்பது துடுப்பனின் கணக்கு.

பங்குனி மாதம் ஒரு காலையில் மூன்று விருந்தாளிகள் வந்தன. ஒன்று பஸ் நிலையத்துக் காக்கை. ஒன்று வயல் கொக்கு. இன்னொன்று, எதைக் கண்டாலும் ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியாத மைனா.

"எல்லாரும் கேட்டுக்குங்க. சத்தம் போடக் கூடாது. காக்கையண்ணே, உங்களைத்தான் சொல்றேன்!" என்றது துடுப்பன்.

"நான் வாயே திறக்கலையேப்பா!" என்று காக்கை காடு அதிரச் சொன்னது.

பள்ளத்து ஈரத்தில் இறங்கியதுமே கொக்கு ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டது.

"கால்ல என்னமோ ஏறுது!"

"அட்டைங்க, கொக்கையா. கொஞ்சம் ரத்தம் குடிச்சுட்டுத் தானா விழுந்துரும்."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

"உங்க காலுக்கு அது ஏறி முடிக்கவே சாயங்காலம் ஆயிரும். கவலைப்படாதீங்க!" என்றது மைனா.

மேலே போகப் போக மரங்கள் பெருத்தன. வெயில் சல்லடையில் சலித்த மாதிரி விழுந்தது. ஒரு கொடியில் சிவந்த வயிற்றோடு ஒரு பறவை அசையாமல் உட்கார்ந்திருந்தது.

"தீக்காக்கை!" என்று துடுப்பன் கிசுகிசுத்தது.

"காக்கையா? அப்ப நம்ம ஆளு!" காக்கைக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"பேர் மட்டும்தான் அண்ணே."

"பேர் ஒண்ணா இருந்தா சொந்தம்தான்."

"அதுக்கு இந்தச் சொந்தம் தெரியவேண்டாம். பாவம், இப்பத்தான் அழகா உட்கார்ந்திருக்கு!" என்றது மைனா.

வழி நெடுகப் பூச்சிகள் பறந்தன. துடுப்பனுக்கு நல்ல வேட்டை. ஆனால் உச்சி நெருங்கியதும் கொக்கு நின்றுவிட்டது.

"எல்லாம் சரி. இருவாச்சி எங்கே? அந்தப் பெரிய மூக்குப் பறவையைப் பார்க்கத்தான் என் காலை அட்டைக்குக் கொடுத்தேன்!"

துடுப்பன் அவற்றை ஒரு பெரிய மரத்தடிக்கு அழைத்துப் போனது. அதன் தண்டில், உயரத்தில் ஒரு பொந்து. பொந்தின் வாயை மண்ணும் எச்சமும் குழைத்து அடைத்திருந்தது. நடுவில் ஒரு சந்து மட்டும் விட்டிருந்தது.

"உள்ளே பெண் இருவாச்சி இருக்குது. கூடவே குஞ்சு. தன்னைத்தானே உள்ளே வெச்சு அடைச்சுக்கும். உள்ளே போனதும் பறக்கிற இறகெல்லாம் உதிர்ந்துரும். மறுபடி முளைக்கிற வரைக்கும் வெளியே வர முடியாது. ஆண்தான் அத்திப்பழம் கொண்டுவந்து இந்தச் சந்து வழியா ஊட்டணும்."

"ஆண் வராட்டி?" என்றது கொக்கு.

"வராட்டி ரெண்டும் பட்டினிதான். ஆனா வரும். கொஞ்சம் இந்தப் பக்கமா நில்லுங்க. சந்துக்கு நேர் கீழே வேண்டாம். அந்த அம்மா கூட்டை ரொம்பச் சுத்தமா வெச்சிருக்கும். எச்சத்தை உள்ளே விடாது. திரும்பி நின்னு, சந்து வழியா வெளியே பீய்ச்சி அடிச்சிரும். காலையில அந்த வேலை முடிஞ்சிருக்கும். இருந்தாலும் சொல்லிட்டேன்."

காத்திருந்தன. ஆண் இருவாச்சி வந்தது. தொண்டை நிறையப் பழத்தோடு எதிர் மலைச்சரிவில் வந்து உட்கார்ந்தது. மரத்தடியில் கூட்டத்தைப் பார்த்தது. கூடு இருக்கும் இடத்தை அந்நியருக்குக் காட்டிக்கொடுக்க எந்த இருவாச்சிக்கும் மனம் வராது. நகராமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

துடுப்பன் அதைப் பார்த்தது. விருந்தாளிகள் பார்க்கவில்லை.

"என்னப்பா, வருமா வராதா? இல்ல, முன்னாடி வந்தவங்களாட்டம் இதையும் கேட்டுட்டுப் பார்த்த மாதிரின்னு போகணுமா?" என்று மைனா குத்தியது.

துடுப்பனுக்குச் சுருக்கென்றது. இந்த மைனா அடிவாரத்துக்குப் போனால் ஊருக்கே சொல்லிவிடும். நாளைக்கு மூங்கில் புதரில் ஒரு குருவி இருக்காது. கூட்டம் இல்லையென்றால் பூச்சி இல்லை.

அது சத்தமில்லாமல் மரத்தின் பின்பக்கம் போனது. ஆண் இருவாச்சியின் குரலை எடுத்தது.

"கொக்... கொக்! அம்மணி!"

சந்தில் மஞ்சள் மூக்கு ஒன்று நீண்டது. பழத்துக்காகத் திறந்தது. மூடியது. திறந்தது.

"ஆகா! என்ன மூக்கு! என்ன மஞ்சள்!" என்று காக்கை தன்னை மறந்து கரைந்தது.

மூக்கு கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு உள்ளே போனது.

அந்தச் செய்தி சமவெளி முழுக்கப் பரவியது. மறுநாள் புதர் நிறையக் கூட்டம். அதற்கு மறுநாள் உட்கார இடமில்லை. கொக்கு தன் உறவினரையெல்லாம் கூட்டிவந்தது. காக்கை தன்னை உதவி வழிகாட்டி என்று சொல்லிக்கொண்டது. வந்தவர்களுக்கெல்லாம் துடுப்பன் மரத்தின் பின்னால் போய் "அம்மணி!" என்றது. மூக்கு நீண்டது. கூட்டம் வியந்தது. ஆண் இருவாச்சி எதிர்ச் சரிவிலேயே உட்கார்ந்திருந்து, கூட்டம் கலைந்த பிறகு பொழுது சாய வந்து ஊட்டிவிட்டுப் போனது. காலைச் சாப்பாடு நின்றுபோனது.

பக்கத்து மரத்தில் ஒரு மலை அணில் குடியிருந்தது. ஒரு நாள் அது வாலைத் தொங்கவிட்டபடி கேட்டது:

"ஏன் துடுப்பா, நீ கூப்பிட்டா மூக்கு வருது. பழம் எங்கேருந்து வரும்?"

"அதான் சாயங்காலம் அவரு கொண்டுவர்றாரே!"

"குஞ்சுக்குக் காலையில பசிக்காதா?"

"ஒரு வேளைதானே. நான் என்ன, கூட்டையா இடிச்சேன்? குரல்தானே கொடுத்தேன்!"

"நல்லாத்தான் கொடுக்கிறே" என்று சொல்லிவிட்டு அணில் பழத்தைக் கடிக்கப் போய்விட்டது.

மறுநாள் காலையில் மழை பிடித்துக்கொண்டது. கூட்டம் வரத் தாமதமானது. மரத்தடியில் யாருமில்லாததைப் பார்த்த ஆண் இருவாச்சி வேகமாக வந்து கூட்டுக்குப் பக்கத்தில் இறங்கியது. கொட்டுகிற மழையில் அது வந்த சத்தமே கேட்கவில்லை.

"கொக்... கொக்! அம்மணி!"

சந்து இருண்டே கிடந்தது.

"அம்மணி! பழம் கொண்டாந்திருக்கேன்!"

மூக்கு வரவில்லை. காலை வேளையில் எத்தனையோ முறை இந்தக் குரலை நம்பி வாயைத் திறந்தாயிற்று. ஒரு முறைகூடப் பழம் விழவில்லை. பட்டினியில் கிடக்கிறவளுக்கு மூக்கை நீட்டவும் தெம்பு வேண்டுமே! உள்ளே குஞ்சு கத்தும் சத்தம்கூட மெலிந்துபோயிருந்தது.

ஆண் இருவாச்சி பதறிப்போனது. கொண்டுவந்த அத்திப்பழம் ஒவ்வொன்றாக வாயிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. மழையும் விட்டது. அந்த நேரம் துடுப்பன் கூட்டத்தோடு வந்து சேர்ந்தது.

"தம்பி! நீ காடெல்லாம் சுத்துறவன். என் வீட்டுக்காரிக்கு என்ன ஆச்சுன்னு தெரியுமா? கூப்பிட்டாப் பேச மாட்டேங்கிறா!"

துடுப்பன் கீழே கிடந்த பழங்களைப் பார்த்தது. பக்கத்துக் கிளையில் மைனா காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. உண்மையைச் சொன்னால் தொழில் அன்றோடு முடிந்தது.

"தூங்குறாங்க போலிருக்குதுங்கண்ணே" என்றது.

ஆண் இருவாச்சி இன்னொரு முறை சந்துக்குள் எட்டிப் பார்த்தது. பிறகு இறக்கையை விரித்துக் கிளம்பியது. இருவாச்சி பறந்தால் சும்மா இருக்குமா? பழைய ரயில் எஞ்சின் மூச்சு விடுவதுபோல, குப் குப்பென்று காட்டையே உலுக்கிக்கொண்டு போனது அந்தச் சத்தம்.

பொந்துக்குள் பெண் இருவாச்சி தலையை நிமிர்த்தியது.

இறக்கைச் சத்தம்! இத்தனை நாள் அந்தக் குரல் வந்தபோதெல்லாம் இந்தச் சத்தம் வந்ததா? வரவில்லை. சாயங்காலம் பழம் வரும்போது? வந்தது. குரல் தொண்டையில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். இறக்கை அப்படியில்லை. குரலுக்குப் பின்னால் கொஞ்ச நாளாகக் கேட்ட கசமுசாவும், "ஆகா!"வும் இப்போதுதான் அதற்கு விளங்கின.

அது குஞ்சை ஓரமாக நகர்த்தியது. காலையில் முடித்திருக்க வேண்டிய வேலையை முடிக்காமல் பொறுத்திருந்தது.

வெளியே கூட்டம் முட்டிமோதியது. பின்னால் நின்றவர்களுக்கு மூக்கு தெரியவில்லையாம். எல்லோரும் முன்னுக்கு வந்து, சந்துக்கு நேர் கீழே நின்றார்கள். கொக்கு அன்றைக்குப் பார்த்து இறகையெல்லாம் கோதி வெள்ளை வெளேரென்று வந்திருந்தது. துடுப்பனுக்கும் அன்று மனம் நிலையில் இல்லை. பின்பக்கம் போக மறந்து, சந்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து குரல் கொடுத்தது.

"கொக்... கொக்! அம்மணி!"

குரல் வந்தது. இறக்கைச் சத்தம் வரவில்லை.

உள்ளே ஏதோ திரும்பியது. கூட்டம் வாயைப் பிளந்துகொண்டு அண்ணாந்து பார்த்தது.

அடுத்த கணம் சந்திலிருந்து பீய்ச்சியது! அத்திப்பழ எச்சம், விதையும் பிசினுமாக, ஊதா நிறத்தில். முதல் வீச்சு துடுப்பனின் தலையிலிருந்து வால் கம்பி வரை. மீதி கூட்டத்தின் மேல்.

"ஐயோ, கண்ணு!" என்றது காக்கை.

"நான் வெள்ளை! நான் வெள்ளை!" என்று அலறியது ஊதாக் கொக்கு.

"பார்த்தாச்சு, கேட்டாச்சு, இப்ப வாங்கியும் ஆச்சு!" என்று கத்திக்கொண்டே மைனா பறந்தது. அடிவாரம் போய்ச் சேருமுன் பாதிச் சமவெளிக்குச் செய்தி போய்விட்டது.

மரத்தடி காலியானது. மரம் அமைதியானது. அமைதியைப் பார்த்து ஆண் இருவாச்சி குப் குப்பென்று வந்து இறங்கியது. அது வாயைத் திறந்து கூப்பிடுவதற்குள் சந்தில் மஞ்சள் மூக்கு தயாராக நின்றது. ஒவ்வொரு பழமாக உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் குஞ்சின் சத்தம் மறுபடி பலமாகக் கேட்டது. அவ்வளவு அழகான காட்சியைத் துடுப்பன் தன் தொழிலில் பார்த்ததே இல்லை. காட்டுவதற்குப் பக்கத்தில் ஒரு ஈகூட இல்லை.

ஈ இருந்தாலும் பிடிக்க முடியாது. பிசின் காய்ந்து இறக்கைகள் உடம்போடு ஒட்டிக்கொண்டன. வால் துடுப்புகள் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. துடுப்பன் தத்தித் தத்தி ஒரு தாழ்ந்த கிளையில் ஒதுங்கியது. பூச்சிகள் மூக்குக்கு முன்னாலேயே பறந்தன. ஒவ்வொரு ரீங்காரத்துக்கும் வாயைத் திறந்தது. ஒன்றும் விழவில்லை. பசித்த வாய் சும்மா திறந்து மூடுவது எப்படியிருக்கும் என்று அப்போது அதற்குத் தெரிந்தது.

மறுநாள் காலையில் மலை அணில் வந்தது. தனியாக வரவில்லை. பின்னால் கருங்குரங்குகள், மந்திகள், ஒரு முள்ளம்பன்றிக் குடும்பம்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. சத்தம் போடக் கூடாது. கிளையை ஆட்டக் கூடாது" என்று அணில் கிசுகிசுத்தது. "அதோ பாருங்க, ஊதாக் கரிச்சான்! வேற எந்தக் காட்டிலயும் கிடையாது. ஈ வந்தா வாயைத் திறக்கும். இப்ப பாருங்க... ம்ம்ம்ம்!" என்று ஈயைப் போல ரீங்கரித்தது.

துடுப்பன் தன்னையறியாமல் வாயைத் திறந்தது.

கூட்டம் கைதட்டியது. "இன்னொரு தடவை!" என்றது ஒரு குட்டிக் குரங்கு.

அப்போது தலைக்கு மேலே குப் குப் என்று சத்தம் கேட்டது. ஆண் இருவாச்சி கிளையில் வந்து இறங்கியது. மனைவி எல்லாவற்றையும் அதனிடம் சொல்லியிருந்தது. துடுப்பன் கண்ணை மூடிக்கொண்டது.

"தள்ளி நில்லுங்க எல்லாரும். பசியில இருக்கிறவனைச் சுத்தி நிக்காதீங்க" என்றது இருவாச்சி. தொண்டையிலிருந்து ஒரு வண்டை எடுத்துக் கரிச்சான் முன்னால் போட்டுவிட்டு, தன் கூட்டைப் பார்த்துப் பறந்தது.

அடுத்த மழை பிசினைக் கழுவிவிட்டது. துடுப்பன் மறுபடி வழிகாட்டப் போனது. வருகிறவர்கள் குறைவு. எதிர் மலைச்சரிவில் உட்காரவைத்து, வாயை மூடிக்கொண்டு காத்திருக்கச் சொல்லும். சில நாள் இருவாச்சி தெரியும். சில நாள் தூரத்தில் இறக்கைச் சத்தம் மட்டும் கேட்கும். "அவ்வளவுதானா?" என்று யாராவது கேட்டால், "அவ்வளவுதாங்க" என்று சொல்லும்.

பிறர் பசியை வேடிக்கை காட்டிப் பிழைக்கிறவன் ஒரு நாள் தன் பசியோடு தானே வேடிக்கையாவான்.